கணக்கில் வராத சூடு

மத்தியானம் மூன்று மணி வெயில். ஈப்போவில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டின் பின்பக்கம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் குழாயின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அதிலிருந்து விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏர்கோன் தண்ணீர் வெளியேறும் குழாய் அது. கீழே நீல வாளி. வாளி நிரம்பி வழிந்து கறிவேப்பிலைச் செடிவரை ஈரம் ஓடியிருந்தது.

துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி வேலிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன தொலைந்துபோயிற்று என்று மலாயில் கேட்டார்.

"ஒன்றும் தொலையவில்லை. இந்த அறையில் கூடுதலாக ஏதோ இருக்கிறது. அதைத்தான் தேடுகிறேன்" என்று நானும் மலாயில் சொன்னேன்.

அவர் பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பேய் என்று நினைத்திருக்க வேண்டும். நான் சொன்னது சூட்டை.

இரண்டு பேர் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற அறையிலிருந்து இவ்வளவு தண்ணீர் வரக் கூடாது.

வாஸ்துக்காரி

ஏர்கோன் கடையில் உனக்கு என்னதான் வேலை என்று இந்தத் தொடரைப் படிக்கிற சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். ஏணியில் ஏறுவதில்லை, காஸ் அடைப்பதில்லை, கல்லாவில் உட்காருவதுமில்லை. சொல்லிவிடுகிறேன். நான் கேள்வி கேட்கிறவள்.

மற்ற கடைகளில் அறையை எட்டிப் பார்ப்பார்கள். சின்ன அறையா, ஒரு ஹோர்ஸ். பெரிய அறையா, இரண்டு ஹோர்ஸ். முடிவு செய்ய முடியவில்லையா, ஒன்றரை. ஏர்கோனின் பலத்தை இங்கே குதிரையில்தான் சொல்வோம்.

பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்த எனக்கு அது பொறுக்கவில்லை. ஓர் அறைக்குள் எந்தெந்த வழியாக எவ்வளவு சூடு வருகிறது என்று தனித்தனியாகக் கூட்டினால்தான் எவ்வளவு குளிர் வேண்டும் என்பது தெரியும். மேற்குச் சுவர் எத்தனை அடி, கூரைக்குக் கீழே சூடு தடுக்கப் பஞ்சு விரித்திருக்கிறதா, ஜன்னல் எத்தனை, விளக்கு எத்தனை, ஆள் எத்தனை. மனுஷனும் ஓர் அடுப்புதான். சும்மா உட்கார்ந்திருக்கிறவரே நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு விடுவார். கோபக்காரர்கள் இன்னும் கூடுதலாக விடுவார்கள். அது பாடப் புத்தகத்தில் இல்லை, என் அனுபவம்.

இதற்கென்று ஒரு பாரம், கேள்விப் படிவம், வைத்திருந்தேன். ஏதோ குளிர்நாட்டுக்காரர் இணையத்தில் போட்டுவைத்ததை எடுத்துத் தமிழும் மலாயுமாக மாற்றியது. அதில் கடைசிப் பகுதி, வீட்டைச் சூடாக்க என்ன தேவை என்பது. வருஷம் முழுக்க வெயிலடிக்கும் பேராக்கில் யாரிடம் போய் அதைக் கேட்பது? இருந்தும் நீக்க மனம் வராமல், ஒவ்வொரு வீட்டுக்கும் 'தேவையில்லை' என்று முறையாக எழுதிவைப்பேன். தாப்பாவில் ஒரே ஒரு பெரியவர் மட்டும், "ரெண்டும் போடு லா. குளிருக்கு ஒன்னு, சூட்டுக்கு ஒன்னு" என்றார்.

"சூட்டுக்கு எதுக்குங்க?"

"ஏர்கோன் போட்டா எனக்குக் குளிரும்ல?"

ஈப்போவின் புந்தோங் பகுதியில் திசைகாட்டியும் அளவு நாடாவுமாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், வாஸ்து பார்க்கிற அம்மா வந்திருக்கிறாங்க என்று செய்தி பரவிவிடும். நான் மேற்குச் சுவரை அளப்பேன். வீட்டுக்கார அம்மா மகனுக்கு ஏன் இன்னும் பெண் அமையவில்லை என்று கேட்பார். இந்த அறையில் எத்தனை பேர் படுப்பீர்கள் என்று கேட்டதற்கு ஒருவர் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். இன்னொரு வீட்டில், ஏதோ அரசாங்கக் கணக்கெடுப்பு என்று பயந்து "மூனே பேருதான்" என்றார்கள். வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு கிடந்தது. செருப்பைத்தான் எழுதிக்கொண்டேன்.

மணியத்தின் புறங்கை

என்னோடு லோரியில் வருகிறவர் மணியம். ஏர்கோன் மாட்டுவதில் கெட்டிக்காரர், நாற்பது வயதுக்காரர், புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவர். பாரமும் கிடையாது, பென்சிலும் கிடையாது. சுவரில் புறங்கையை வைப்பார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி கண்ணை மூடுவார். "ஒன்றரை ஹோர்ஸ் அக்கா" என்பார். நான் முக்கால் மணி நேரம் கூட்டிக் கழித்து அதே ஒன்றரைக்கு வந்து சேர்வேன். அப்போது அவர் பல் குத்திக்கொண்டு நிற்பார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

கடை முதலாளி தவுக்கே லோவுக்கு என் பாரத்தில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. கேள்வி கேட்கிற நேரத்தில் இன்னொரு வீட்டை முடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. நான் கணக்குப் போட்ட இரண்டு வீடுகளில் ஏற்கெனவே புகார். ஒன்றில் என் தவறு. கூரை மாற்றியதைக் கவனிக்கவில்லை. இன்னொன்றில் ஏர்கோன் ஓடும்போதே ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு குளிரவில்லை என்றார்கள்.

"சாந்தி, இன்னும் ஒரு வீடு கம்ப்ளேன் வந்தா, உன் பேப்பர் எல்லாம் நாசி லெமாக் கட்டத்தான்" என்றார் தவுக்கே, சீன வாடையடிக்கும் தன் தமிழில். எதிர்க்கடையில் தேங்காய்ப்பால் சோறு பொட்டலம் கட்டி விற்கும் நாசி லெமாக் அக்காவை ஏற்கெனவே பேசிவைத்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். அந்த வாரம் அவர் அங்கே அடிக்கடி நின்றார்.

எங்கள் வீட்டுக் கணக்கு

இந்தச் சூட்டுக் கிறுக்கு எனக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். தகரக் கூரை. பதினோரு மணிக்கு மேல் வீட்டுக்குள் யாரும் இருக்கமாட்டோம். குடும்பம் மொத்தமும் வெளியே ரம்புத்தான் மரத்தடியில். பூனையும் அங்கேதான்.

அப்பாவுக்குப் புகைவீட்டில் வேலை. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, விறகு எரித்து, சூட்டிலும் புகையிலும் காயவைக்கும் இடம். ஒருநாள் எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஷீட்டை எல்லாம் இங்கேயே கொண்டாந்து தொங்கவிடலாம் போல. விறகு மிச்சம்" என்றார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. வீட்டைக் குறை சொன்னதற்காக இல்லையாம். அவர் உண்மையிலேயே செய்துவிடுவாரோ என்ற பயத்தில்.

தோட்டம் விற்றுப்போய் அங்கே இப்போது செம்பனை நிற்கிறது. நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். கதைக்கு வருகிறேன்.

விளக்கு ஒன்று, ஆள் இரண்டு

அந்த வாளி வீட்டுக்காரர் சிவபாதம் சார். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகவும் கட்டொழுங்கு ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். பிரம்புக்குப் பேர்போனவர் என்பதை மணியத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வாசலில் சாரைப் பார்த்ததும் மணியம் வாயிலிருந்த பல்குச்சியை விழுங்காத குறை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

"நீ மணியமல்லோ? கடைசி வாங்கில இருந்தவன்?" என்றார் சார்.

"ஆமாங் சார்."

"நேரா நில்."

ஏர்கோன் கேட்டது பின்னறைக்கு. வாசிக்கிற அறையாம். மேற்குச் சுவர், கனத்த திரை, ஜன்னல் எந்நேரமும் சாத்தியே இருக்கும். நடுவில் படுக்கை விரிப்பு மூடிய நீள மேசை. சுவரோரம் பெரிய அலமாரி. அதன் முன்னால் சார் அசையாமல் நின்றுகொண்டு என் கேள்விகளுக்குப் பரீட்சை எழுதுகிற மாதிரிப் பதில் சொன்னார்.

"எத்தனை பேர் இருப்பீங்க சார்?"

"கூடினால் ரெண்டு பேர்."

"வேற மின்சாரச் சாமான்?"

"மேசை விளக்கு ஒண்டு."

கூட்டினேன். ஒன்றரை ஹோர்ஸ் தாராளம். மணியம் வெளிச்சுவரில் கை வைத்துவிட்டு வந்து, "ரெண்டு ஹோர்ஸ் அக்கா" என்றார். முதல் தடவையாக எங்கள் பதில் வேறுபட்டது. நான் ஒன்றரையில் நின்றேன்.

மாட்டி இரண்டு வாரத்தில் சாரின் மனைவி மனோன்மணி ஆன்ட்டி போன் செய்தார். "பிள்ளை, அறை குளிருதில்லை. மனுஷன் வேர்த்துக் குளிச்சுக்கொண்டு வாறார்."

போனோம். அறை ஐஸ்பெட்டி. மணியம் காஸ் பார்த்தார், பில்டர் பார்த்தார், எல்லாம் சரி. திரும்பினோம். மறுநாள் மறுபடி போன். மறுபடி போனோம். மறுபடி ஐஸ்பெட்டி. நாங்கள் லோரியை நிறுத்தினால் குளிர்கிறது, கிளப்பினால் கொதிக்கிறது.

மூன்றாவது தடவைதான் நான் பின்பக்கம் போய்ச் சொட்டுகளை எண்ணியது.

வாளி சொன்னது

ஏர்கோன் தண்ணீர் எங்கேயிருந்தும் கொண்டுவருவதில்லை. அறைக் காற்றில் இருக்கும் ஈரத்தைத்தான் பிழிந்து வெளியே விடுகிறது. அதே வீட்டில், ஏறக்குறைய அதே அளவுப் படுக்கையறை; அதிலும் ஒன்றரை ஹோர்ஸ். அந்தக் குழாய்க்குக் கீழே வாளியில் பாதிதான். வாசிக்கும் அறையில் மட்டும் நிரம்பி வழிகிறது.

யாரோ அந்த அறைக்குள் தண்ணீர் கொதிக்கவைக்கிறார்கள்.

ஆன்ட்டியிடம் கேட்டேன். "உள்ளே ஏதும் சமைப்பீங்களா ஆன்ட்டி?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, மணியம் இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் நான் மட்டும் போனேன். அளவு நாடாவை விட்டுவிட்டேன் என்று சாக்கு. ஆன்ட்டி கதவைத் திறந்தார். ஒன்றும் கேட்காமல் பின்னறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவருக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும்.

கதவைத் தள்ளினேன். முகத்தில் ஆவி அடித்தது.

பனியனும் சாரமுமாகச் சிவபாதம் சார். நீள மேசைமேல் மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை. கையில் புஸ்ஸென்று மூச்சுவிடும் ஸ்டீம் அயன். மடிப்பு மடிப்பாகக் கிளிப். இன்னொரு கையில் அடிமட்டம். கணக்கு வாத்தியார்கள் வைத்திருப்பார்களே, அதே மரத்து அடிமட்டம், மடிப்பின் அகலத்தை அளந்துகொண்டு. வாயில் ஏழெட்டு ஊசி. அதனால் அவரால் கத்தவும் முடியவில்லை, விளக்கவும் முடியவில்லை. "ம்ம்ம்" என்றார். கதவைச் சாத்தச் சொல்கிறார் என்று புரிந்தது. சாத்தினேன்.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மகள் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறாளாம். சேலையை முன்கூட்டியே மடித்து, தேய்த்து, பெட்டியில் வைத்துக் கொடுப்பது இப்போது பெரிய வேலை. பெண் அப்படியே எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். அதைச் செய்துகொண்டிருந்தவள் ஒரு கல்யாணத்துக்கு முதல்நாள் வராமல் போய்விட, மகள் அழ, சார் அடிமட்டத்தை எடுத்தார். அன்றிலிருந்து விடவில்லை. பெண்கள், யாரோ ஒரு அக்கா மடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நல்லா இருக்கே சார். இதை ஏன் ஒளிக்கணும்?"

"பிள்ளை, இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் அடிச்சிருக்கிறன். சட்டை கசங்கி வந்தவனுக்கு, சிரிச்சவனுக்கு, சும்மா நிண்டவனுக்கு. இப்ப நான் சேலை மடிக்கிறன் எண்டு தெரிஞ்சால்..." நிறுத்தினார். "மணியத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"அந்த அயன் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற சூடு சார். ஆவி வேற. நீங்க பாரத்துல சொல்லலையே."

"பத்துப் பேரோ?" என்றார். அயனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நாசி லெமாக்

கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என் கணக்கு பிழைத்துக்கொள்ளும். தவுக்கேயிடம் சொன்னால் மணியத்துக்குப் போகும். மணியத்துக்குப் போனால் புந்தோங் முழுக்கப் போகும். சொல்லாவிட்டால் பாரம் போகும். அந்தப் பாரத்துக்காக வாசலில் நிறுத்தப்பட்டிருக்கிறேன், நாய்க்குப் பயந்து ஓடியிருக்கிறேன், பதினோரு ஜோடிச் செருப்பை எண்ணியிருக்கிறேன்.

ஆனால் வாயில் ஊசியோடு "ம்ம்ம்" என்ற அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"என் கணக்குத் தப்பு தவுக்கே. ரெண்டு ஹோர்ஸ்தான் போடணும்" என்றேன்.

தவுக்கே ஒன்றும் திட்டவில்லை. மேசை மூலையில் இருந்த பாரக்கட்டை எடுத்து என் பக்கமாகத் தள்ளினார். "நாளைக்கு இருந்து இது வேணாம்" என்றார்.

மணியம் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ வாங்கிக்கொடுத்து ஆறுதல் சொன்னார். "விடுங்க அக்கா. கணக்குன்னா நாலு தப்பும். கைன்னா தப்பாது லா."

விடை பிழை

இரண்டு ஹோர்ஸ் மாட்டுகிற அன்று நானும் போனேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனோம். நீள மேசை மூடியிருந்தது, அலமாரி பூட்டியிருந்தது. சார் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் மணியத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாத்தியார் முன்னால் தான் சொன்னது சரியாகியிருக்கிறது.

"அன்னைக்கே ரெண்டுன்னு நான் சொன்னேன் சார். அக்காதான் பேப்பர்ல போட்டுத் தப்பாக்கிட்டாங்க. தவுக்கே பேப்பரையே நிப்பாட்டச் சொல்லிட்டாரு."

சார் பேப்பரை நாலாக மடித்தார். விளிம்பை நகத்தால் நீவினார்.

"ஆர் பிழை எண்டு சொன்னது?"

"அக்காவே சொல்லிட்டாங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எழும்பி வா" என்றார் மணியத்திடம்.

பின்னறைக்குள் போய் அலமாரியைத் திறந்தார். அடுக்கடுக்காகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயர், கல்யாண நாள், மடிப்பின் அகலம், எல்லாம் அவருடைய சாய்வெழுத்தில். மேசை விரிப்பை உருவினார். அயனைச் செருகினார். மணியத்தின் வாய் திறந்தே இருந்தது.

"இந்தப் பிள்ளை போட்ட கணக்குச் சரி. நான் குடுத்த விடைதான் பிழை. பத்துப் பேரை மறைச்சுப்போட்டு ரெண்டு பேர் எண்டு சொன்னன்." மணியத்தின் கையில் ஒரு சேலைத் தலைப்பைத் திணித்தார். "முப்பது வருஷம் மற்றவைக்குப் பிழை போட்டவன் நான். சரியான கணக்குக்குப் பிழை போட விடமாட்டன். நேராப் பிடி. கை நடுங்கக் கூடாது."

"சரி சார்."

அயன் ஓடியது. மணியம் சிரிப்பார் என்று பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை. மடிப்பு ஒவ்வொன்றாக விழுவதைக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, பரீட்சையில் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார்:

"சார், அடுத்த மாசம் எங்க தங்கச்சிக்குக் கல்யாணம். கூறைச் சேலைய... நீங்க மடிச்சுக் கொடுப்பீங்களா சார்?"

சார் அயனை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவியாகத்தான் இருக்கும்.

"அகலம் எவ்வளவு?" என்றார் பிறகு.

அன்றைக்கே தவுக்கேவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வாடிக்கையாளர் தவறான தகவல் தந்ததாகவும், கணக்குப் போட்டவர்மேல் குற்றமில்லை என்றும் ஒரு பக்கம். தவுக்கே அதை இரண்டு முறை படித்தார். பாரக்கட்டை மறுபடி என் மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். நாசி லெமாக் அக்காவுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

லோரியில் மணியத்திடம் கேட்டேன். "அது சரி, சுவரைத் தொட்டதும் ரெண்டு ஹோர்ஸ்னு எப்படி மணியம் தெரிஞ்சது?"

சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"சுவரு ஒன்றரைதான் அக்கா சொல்லிச்சு. சார் வீட்ல சின்னதா மாட்ட எனக்குப் பயம்."

மண்டபத்தில்

கல்யாணம் புந்தோங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சிவபாதம் சார் வேட்டி சட்டையில் வந்து மூன்றாவது வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய மாணவர்கள் நாலைந்து பேர் வந்து வணங்கிவிட்டுப் போனார்கள். அதில் இருவர் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சேலை மடித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். மணியம் அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். இப்படிப் பெருமையாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. கூறைச் சேலை கட்டிக்கொண்டு பெண் வந்தாள். எல்லாரும் எழுந்து முகத்தைப் பார்த்தார்கள், நகையைப் பார்த்தார்கள், போன் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

சார் மட்டும் கழுத்தை நீட்டி அவள் இடுப்புக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் ஒரு விரல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் மணவறைப் படி ஏறும்போது விரல் நின்றது, மூச்சும் நின்றது. அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏழு மடிப்பும் நிக்குது பிள்ளை" என்றார் என்னிடம்.

பிறகு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக மேடையை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அது சரி, இதில் மாப்பிள்ளை ஆர்?"